காலித் தோட்டாக் கணக்கு

சவுத்லேக், டெக்சாஸ்

அன்புள்ள முத்தையா,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு நிலைக்கு வந்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள். கொஞ்ச நாளைக்கு தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்காதே, குனியாதே. சரஸ்வதி சொன்னால் கேட்க மாட்டாய், நான் சொன்னதாக வைத்துக்கொள்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்தி என்னைத் தாத்தா என்று கூப்பிடப் பழகிவிட்டாள். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குக் கிளம்பிய பிறகு வீட்டில் சத்தமே இருக்காது. காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். அப்படி நடந்தபோதுதான் ஒரு கல்லைப் பார்த்தேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வீட்டுக்குப் பக்கத்தில் டவ் ரோடு என்று ஒரு சாலை, 114-ஆம் நெடுஞ்சாலையில் போய்ச் சேருகிறது. சேருகிற இடத்துக்குக் கிட்டே ஒரு நினைவுக் கல். வீலர், மர்ஃபி என்று இரண்டு நெடுஞ்சாலைப் போலீஸ்காரர்களின் பெயர். 1934 ஏப்ரல் 1, ஈஸ்டர் ஞாயிறு. மோட்டார் சைக்கிளில் வந்த இருவரும், ஓரமாக நின்ற காரில் ஏதோ கோளாறு போல, உதவி வேண்டுமோ என்று வண்டியைத் திருப்பியிருக்கிறார்கள். காரில் இருந்தவர்கள் ஊர் ஊராகக் கொள்ளையடித்துத் திரிந்த ஜோடி கிளைட் பாரோ, பானி பார்க்கர், அவர்களுடைய கூட்டாளி ஹென்றி மெத்வின். இருவரும் பக்கத்தில் வந்து சேருவதற்குள் சுட்டுவிட்டார்கள். மர்ஃபிக்கு மோட்டார் சைக்கிள் ரோந்தில் அதுதான் முதல் நாள். அந்த மாதம் கல்யாணம் வைத்திருந்தார்கள். அவரைக் கட்டிக்கொள்ள இருந்த பெண் கல்யாண உடையிலேயே அடக்கத்துக்கு வந்து நின்றாளாம்.

கார்கள் சர்சர் என்று போய்க்கொண்டிருந்தன. நான் கல்லின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். பாரோ, பானி என்ற அந்த இரண்டு கொலைகாரர்களின் பெயர் உனக்கும் எனக்கும் இளவயதிலிருந்தே தெரியும். வீலர், மர்ஃபி என்ற பெயர்களை எழுபது வயதில், இந்தக் கல்லில்தான் முதல் தடவை படிக்கிறேன்.

அன்றிலிருந்து ஊர் நூலகத்தில் உட்கார்ந்து அந்தக் காலத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். நீ கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். "அந்தக் காலத்துக் கொள்ளைக்காரர்கள் எல்லோரும் வைத்திருந்தது டாமி கன்தானே?" என்று கேட்டிருந்தாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். டாமி கன் என்பது தாம்சன் எந்திரத் துப்பாக்கியின் செல்லப் பெயர். அதே காலத்து வங்கிக் கொள்ளைக்காரன் டில்லிஞ்சரின் கும்பல் அதை வைத்திருந்தது உண்மை. 1933 அக்டோபரில் இண்டியானாவில் ஆபர்ன், பெரு என்ற இரண்டு ஊர் போலீஸ் ஸ்டேஷன்களுக்குள் புகுந்து தாம்சன் துப்பாக்கியும் குண்டு துளைக்காத கவசமும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஆனால் பாரோவுக்கு டாமி கன் மேல் மோகம் இல்லை. அவனுக்குப் பிடித்தது பிரௌனிங் ஆட்டோமேட்டிக் ரைஃபிள். பி.ஏ.ஆர். என்று சுருக்கிச் சொல்வார்கள்.

காரணம் உனக்கு ஒரு வரியில் விளங்கும். தாம்சனில் போடுவது 45 காலிபர் பிஸ்டல் தோட்டா. கனமான குண்டு, ஆனால் மெதுவாகப் போகும். கார்க் கதவுத் தகடு, உள்ளே இருக்கிற இரும்புச் சட்டம் இதிலெல்லாம் பட்டால் வேகம் செத்துவிடும். பி.ஏ.ஆரில் போடுவது ராணுவ ரைஃபிள் தோட்டா, நம் போலீஸின் த்ரீ நாட் த்ரீ ரைஃபிள் தோட்டா ஜாதி. குண்டு ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில் போகும். காரின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்துவிடும். எடை ஏழு கிலோவுக்கு மேல், மேகசினில் இருபது தோட்டா. விசையை அழுத்திப் பிடித்தால் மூன்று விநாடிக்குள் காலி. முதல் உலகப் போரில் பதுங்கு குழியிலிருந்து எழுந்து நடக்கிற சிப்பாய் இடுப்பில் வைத்துச் சுட்டுக்கொண்டே போகட்டும் என்று 1917-இல் வடிவமைத்தது. அதைக் குழலிலும் கட்டையிலும் வெட்டிக் குட்டையாக்கி, கார் சீட்டில் உட்கார்ந்தபடி எடுக்கத் தோதாக வைத்துக்கொண்டான் பாரோ. ஆள் குள்ளம், ஒல்லி. அந்த உடம்பை வைத்துக்கொண்டு அதன் உதைப்பை எப்படித் தாங்கினான் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

சரி, அது அவனுக்கு எப்படிக் கிடைத்தது? கடையில் வாங்கவில்லை. நேஷனல் கார்ட் என்று ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு துணை ராணுவம் இருந்தது. சின்னச் சின்ன ஊர்களில் அதற்கு ஆயுதக் கிடங்கு. பாரோ ராத்திரியில் பூட்டை உடைத்து அள்ளிக்கொண்டு போனான். 1933 ஜூலையில் ஒக்லஹாமாவின் ஈனிட் ஊர்க் கிடங்கில் கை வைத்தான். அதே மாதம், இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மிசௌரியில் பிளாட் சிட்டி பக்கத்தில் ஒரு விடுதியைப் போலீஸ் சுற்றி வளைத்தது. தகடு வைத்துக் கவசம் ஏற்றிய காரைக் கொண்டுவந்து அவர்கள் தங்கியிருந்த அறைகளுக்கு முன்னால் மறித்து நிறுத்தினார்கள். பாரோ பி.ஏ.ஆரால் சுட்டான். கவசம் என்று நம்பி உட்கார்ந்திருந்தவர்களுக்கு உள்ளேயே காயம். ஒரு குண்டு ஹாரன் ஒயரில் பட்டு, ஹாரன் நிற்காமல் அலற ஆரம்பித்துவிட்டது. சுடுவதை நிறுத்தச் சொல்லும் சைகை என்று மற்றப் போலீஸ்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். அந்த இடைவெளியில் கும்பல் தப்பித்துவிட்டது. பாரோவின் அண்ணன் பக் மட்டும் தலையில் பட்ட காயத்தோடு போய், அந்த மாதக் கடைசியில் செத்தான்.

இதைப் படித்தபோது நீ வேலை பார்த்த போலீஸ் ஆயுதக் கிடங்கு ஞாபகம் வந்தது. ஒரு தடவை ரேஞ்சில் சுட்டு முடித்து எண்ணிப் பார்த்தால் ஒரு காலித் தோட்டா குறைந்தது என்று சொல்வாயே. முப்பது பேர் வரிசையாக முட்டி போட்டு, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் புல்லைக் கையால் துழாவி, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருத்தன் பூட்ஸ் குதிகாலுக்கு அடியில் மண்ணில் புதைந்து கிடந்ததைக் கண்டுபிடித்தீர்கள். சுட்டு முடிந்த வெறும் ஓடு, அதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று அப்போது உன்னிடம் கேட்டேன். "எண்ணிக்கை ஒருநாள் தப்பினால் அப்புறம் தப்பிக்கொண்டே இருக்கும்" என்றாய். நான் அதை ஆபீஸ் சட்டதிட்டம் என்று நினைத்துக்கொண்டேன். நீ செய்தது எவ்வளவு பெரிய வேலை என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. ஈனிட்டில் உன்னைப் போல ஒருவர் இருந்திருந்தால், காவலுக்கு ஒரு ஆள், கதவுக்கு ஒரு நல்ல பூட்டு இருந்திருந்தால், எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பார்கள்.

கடைசல் பட்டறையில் முப்பது வருஷம் இருந்தவன் சொல்லாமல் விட முடியாத ஒரு விஷயம் இருக்கிறது. பாரோவின் ரைஃபிள் ஜான் பிரௌனிங் செய்த வடிவம். அவன் குழலை வெட்டி வைத்திருந்த ரெமிங்டன் ஷாட்கன், அதுவும் பிரௌனிங் வடிவம். கடைசியில் அவன் காரில் கிடைத்த, கோல்ட் என்ற கம்பெனியின் 45 பிஸ்டல்களும் அவர் வடிவம். கடைசியில் அவர்களை மறைந்திருந்து சுட்டுக் கொன்ற போலீஸ்காரர்கள் கையில் இருந்த பி.ஏ.ஆர்., ரெமிங்டன் எட்டாம் மாடல் ரைஃபிள், எல்லாம் அவரே. யூட்டா மாநிலத்தில் ஆக்டன் ஊரில் அப்பாவின் துப்பாக்கிப் பட்டறையில் தொழில் கற்ற மனிதர். 1926-இல் பெல்ஜியத்தில் லீஜ் நகரத் தொழிற்சாலையில், வேலை செய்துகொண்டிருந்த மேஜையருகிலேயே இதயம் நின்று இறந்துவிட்டார். இந்தக் கூத்து எதையும் அவர் பார்க்கவில்லை.

அந்த எட்டாம் மாடலின் உள்வேலையைப் படம் போட்டுப் பார்த்தேன். வெளியே தெரிகிற குழல் வெறும் உறைதான். நிஜக் குழல் அதற்குள் இருக்கிறது. சுட்டதும் குழலும், அதன் பின்வாயை அடைக்கிற போல்ட்டும் ஒன்றையொன்று பிடித்தபடியே கடைசி வரை பின்னால் போகும். அங்கே பிடி விட்டு, முதலில் குழல் மட்டும் முன்னால் திரும்பும். ஓடு தெறித்து விழும். பிறகு போல்ட் அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு முன்னால் வரும். இரண்டு ஸ்பிரிங், ஒரு தாழ். எவ்வளவு சுத்தமான யோசனை! அதே மூளையிலிருந்து வந்ததுதான் பிளாட் சிட்டிக் காரைத் துளைத்த துப்பாக்கியும். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

போன சனிக்கிழமை மாப்பிள்ளை காரில் லூசியானாவுக்குக் கூட்டிப் போனார். நான்கு மணி நேரம். கிப்ஸ்லாந்து என்ற சின்ன ஊர். பாரோவும் பானியும் கடைசியாகச் சாண்ட்விச் வாங்கிய சாப்பாட்டுக் கடை இருந்த கட்டடத்தில் இப்போது மியூசியம். அங்கிருந்து தெற்கே 154-ஆம் சாலையில் சில மைல் போனால் அந்த இடம். இரண்டு பக்கமும் பைன் மரம், சிவப்பு மண். 1934 மே 23, காலை ஒன்பது மணி தாண்டி, டெக்சாஸ் ரேஞ்சர் என்ற மாநிலப் போலீஸ் படையில் முன்பு இருந்த ஃபிராங்க் ஹேமரும் இன்னும் ஐந்து பேரும் புதருக்குள் காத்திருந்தார்கள். மெத்வினின் அப்பாவுடைய லாரியை ரிப்பேர் போல நிறுத்தி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து பாரோவின் ஃபோர்டு வி-8 கார் வேகத்தைக் குறைத்தது. முதல் குண்டு பிரென்டிஸ் ஓக்லி என்ற உள்ளூர்ப் போலீஸ் துணை அதிகாரியுடையது. பாரோ அங்கேயே முடிந்தான். அப்புறம் சுமார் 130 குண்டு. சரணடையச் சொல்லாமலே சுட்டார்கள். ஓக்லி அதற்காகப் பின்னாளில் வருத்தப்பட்டதாகச் சொல்கிறார்கள். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது. சொல்லியிருக்க வேண்டுமா என்று நீயும் நானும் உட்கார்ந்து பேசலாம். அதற்கு முன் எத்தனையோ தடவை போலீஸ் சரணடையச் சொல்லி, பதிலுக்கு ரைஃபிள் குண்டு வாங்கியிருக்கிறது.

காரில் மூன்று பி.ஏ.ஆர்., ஷாட்கன்கள், ஏகப்பட்ட பிஸ்டல், ஆயிரக்கணக்கில் தோட்டா. ஒரு சாக்சபோனும் இருந்தது. செய்தி பரவியதும் ஜனங்கள் ஓடி வந்தார்கள். செத்துக் கிடந்த பானியின் தலைமுடியையும் உடையையும் கத்தரித்தார்கள். ஒருவன் பாரோவின் விரலை வெட்டப் பார்த்தான். தரையில் கிடந்த காலித் தோட்டாக்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள், முத்தையா. உன் ஆட்கள் புல்லில் துழாவியது எதற்காக, இவர்கள் துழாவியது எதற்காக!

வழக்கில் கைப்பற்றிய தொண்டிச் சாமானைக் கோர்ட்டில் ஒப்படைத்துப் பழகிய உனக்கு அடுத்தது நம்ப முடியாது. ஹேமருக்கு மாதச் சம்பளம் 180 டாலர். அதோடு, அகப்படுகிற பொருளை எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. அவர் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டார். பாரோவின் தாய் அவற்றைத் திருப்பிக் கேட்டு எழுதினாள், கிடைக்கவில்லை. 2012-இல் ஒரு ஏலத்தில் பாரோவின் 45 கோல்ட் 2,40,000 டாலருக்குப் போயிற்று. பானி தொடையில் டேப் போட்டு ஒட்டி வைத்திருந்த 38 கோல்ட் 2,64,000 டாலர்.

அவர்கள் செத்த அடுத்த மாதம், ஜூன் 26, தேசிய ஆயுதச் சட்டம் வந்தது. எந்திரத் துப்பாக்கியும் குழல் வெட்டிய ஷாட்கன்னும் கைமாறினால் 200 டாலர் வரி. டாமி கன்னின் விலையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். வர வேண்டிய சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பாரோ எந்தக் கடையிலும் கையெழுத்துப் போட்டு வாங்கவில்லை. மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய துப்பாக்கி, பூட்டு உடைந்த கிடங்கிலிருந்து போயிற்று.

கிப்ஸ்லாந்துக் கல் சிதைந்து கிடக்கிறது. வந்துபோகிறவர்கள் அதன் மேலேயே சுட்டிருக்கிறார்கள், சில்லுச் சில்லாக உடைத்து எடுத்திருக்கிறார்கள். குழிகளை விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒன்றில் சுண்டு விரல் நுனி நுழைந்தது. பக்கத்தில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. எனக்குப் போட்டோ எடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

திரும்பி வந்த மறுநாள் காலை டவ் ரோட்டுக்குப் போனேன். கல்லின் அடியில் புல் வளர்ந்திருந்தது. மகள் வீட்டுக் கத்தரிக்கோலால் ஓரத்தை மட்டும் வெட்டி, பெயர்கள் மேல் இருந்த தூசியைத் துண்டால் துடைத்தேன். இங்கே இருக்கிற வரை வாரம் ஒரு தடவை போகலாம் என்று இருக்கிறேன்.

அடுத்த மாதம் இருபதாம் தேதி திரும்புகிறேன். நீ ரிட்டயர் ஆனபோது கையால் நகல் எடுத்து வைத்த அந்தப் பழைய கணக்கு நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறதா? இருந்தால் எடுத்து வை. வந்ததும் ஒரு நாள் பூராவும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சரஸ்வதிக்கு என் விசாரிப்பைச் சொல்.

உன் அன்புள்ள,
தாமோதரன்