செய்முறை எழுதவும் ஒரு தேர்வு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேசிய வருவாய் வழித் திறன் தேர்வை எட்டாம் வகுப்பில் எழுதித் தேர்வாகும் மாணவருக்கு, ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. பிளஸ் ஒன் மாணவர்களுக்கான தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள் வழங்கப்படுகிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய தொகைதான். ஆனால் இரண்டுமே ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தைக் கருப்பாக்கும் தேர்வுகள். தமிழுக்கான தேர்விலேகூட மாணவர் ஒரு வாக்கியம் எழுத வேண்டியதில்லை. ஒரு வேலையைச் செய்யும் முறையைப் பிறர் பின்பற்றும்படி தெளிவாக எழுதும் திறனுக்கும் இத்தகைய உதவித்தொகைத் தேர்வில் இடம் வேண்டும் என்பதே என் கோரிக்கை.

நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையை விட்டுவிட்டுப் புதிதாக விவசாயத்தில் இறங்கிய என் தம்பி மகன் சென்ற ஆண்டு வாங்கிய மோனோபிளாக் பம்போடு வந்த தமிழ்க் கையேட்டில், 'இயக்கும் முன் பம்பை முதன்மைப்படுத்தவும்' என்று அச்சிட்டிருந்தார்கள். பிரைமிங் என்ற சொல்லை யாரோ அகராதியைப் பார்த்துப் பெயர்த்திருக்கிறார்கள். உறிஞ்சு குழாயிலும் பம்பிலும் உள்ள காற்று முழுதும் வெளியேறும்வரை தண்ணீர் ஊற்றி நிரப்பிய பிறகே சுவிட்சைப் போட வேண்டும் என்பதை அந்த ஒற்றைச் சொல்லிலிருந்து அவன் எப்படி அறிவான்? வெறும் பம்பு ஓடி, தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் கருகியதுதான் மிச்சம்.

இப்படி எழுதுபவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் பிள்ளைகள் பள்ளியில் எழுதும் ஒரே தொழில்நுட்ப எழுத்து ஆய்வக ரெக்கார்டு நோட்டு. அதன் செய்முறைப் பகுதியையும் பெரும்பாலும் முந்தைய ஆண்டு நோட்டைப் பார்த்தே எழுதுகிறார்கள் (நானும் அப்படித்தான் எழுதினேன்).

அமெரிக்காவில் 1953இல் தோன்றி, 2025 ஜனவரியில் திவாலாகி மூடப்பட்ட, கையேடுகள் போன்றவற்றை எழுதுவோருக்கான தொழில்நுட்பத் தொடர்பியல் சங்கத்தின் கிளைகள் சில, உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கெனத் தொழில்நுட்ப எழுத்துப் போட்டிகளை நடத்தியிருக்கின்றன. இங்கும் வித்து இல்லாமல் இல்லை. இந்திய தர நிர்ணய அமைவனம், பள்ளிகளில் அமைத்துள்ள தரநிலை மன்றங்கள் வழியாக, அன்றாடப் பொருள் ஒன்றின் அளவு என்ன, அது எதனால் செய்யப்பட வேண்டும், எப்படிச் சோதிக்கப்பட வேண்டும் என்று மாணவர்களே தரநிலை எழுதும் போட்டியை நடத்திவருகிறது. நல்ல முயற்சி, ஆனால் அது பரிசோடும் சான்றிதழோடும் நின்றுவிடுகிறது, படிப்புச் செலவுக்கு உதவுவதில்லை.

இத்தகைய எழுத்தை மதிப்பிட இலக்கண நடுவர் தேவையில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கொடுத்து, கரைசல் தயாரிக்கும் முறையை மாணவரை எழுதச் சொல்லலாம். அந்தத் தாளை, பொட்டலத்தின் மேலிருக்கும் குறிப்பைப் படிக்காத இன்னொருவரிடம் நீட்டி, அவர் செய்வதைப் பார்த்தால் போதும். தண்ணீரின் அளவை எழுத விட்டிருந்தால் அவர் ஒரு டம்ளரிலேயே முழுப் பொட்டலத்தையும் கொட்டிவிடுவார். மதிப்பெண் அங்கேயே தெரிந்துவிடும்.

லட்சக்கணக்கான தாள்களை ஆள் வைத்துத் திருத்த முடியாது என்ற பதில் வரும் என்பதை அறிவேன். உதவித்தொகைத் தேர்வின் முதல் சுற்றை இப்போதுள்ளபடி ஓ.எம்.ஆர். தாளிலேயே நடத்தி, அதில் முன்னணியில் வருவோருக்கு மட்டும் மாவட்டத் தலைநகரில் ஒரு நாள் எழுத்துச் சுற்று வைக்கலாம். பள்ளிக் கல்வித் துறை அடுத்த கல்வியாண்டிலேயே ஓரிரு மாவட்டங்களில் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொழிற்பயிற்சி நிலையப் பயிற்றுநர்,
கோயம்புத்தூர்.