மாற்று மெம்பிரேன் தயாரிப்பவர்களே, அந்த வாலை அப்படியே நகலெடுக்காதீர்கள்

வணக்கம்.

1982-இல் பிரிட்டனில் வெளிவந்த வீட்டுக் கணினியான இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரத்தின் ரப்பர் விசைகளைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அழிரப்பரை அமுக்குவது போலத்தான் இருக்கும். 40 விசைகளில் நீளமான ஸ்பேஸ் பார் கிடையாது; ஓர் எழுத்தை அழிக்கவே கேப்ஸ் ஷிப்டையும் 0-ஐயும் சேர்த்து அழுத்த வேண்டும். அதெல்லாம் கைக்குப் பழகிவிடும். பழகாதது, ரப்பருக்கு அடியில் கிடந்து விசை அழுத்தத்தை உணரும் மெல்லிய பிளாஸ்டிக் தாளான மெம்பிரேனின் வால்தான், அதாவது கணினியின் சாக்கெட்டில் செருகும் பட்டை.

வால்கள் இரண்டு: ஒன்றில் மின்சாரம் கடத்தும் மையால் அச்சிட்ட 8 தடங்கள், மற்றதில் 5. வயதும் பெட்டிக்குள் தேங்கும் சூடும் சேர்ந்து பிளாஸ்டிக்கை அப்பளமாக்கிவிடுகின்றன. மூடியைத் தூக்கிய மாத்திரத்தில், சாக்கெட் வாய்க்குப் பக்கத்தில் விரிசல் விழும். 8 தட வாலில் ஒன்று அறுந்தால் அடுத்தடுத்த ஐந்து விசைகள் போகும். க்யூ (Q) முதல் டி (T) வரை என்பது போல. 5 தட வாலில் ஒன்று அறுந்தால் எட்டு விசைகள். அதில் ஒரு தடம் படுமோசம்: 1, க்யூ, ஏ, கேப்ஸ் ஷிப்ட், 0, பி (P), என்டர், ஸ்பேஸ் அத்தனையும் அதில்தான். கேசட்டிலிருந்து சோதனை நிரலை ஏற்றிப் பார்க்கலாம் என்றால், அந்தக் கட்டளைக்கு வேண்டிய மேற்கோள்குறி பி விசையில் இருக்கிறது. முடிக்க என்டர் வேண்டும்!

அறுந்த தடத்தில் பற்றவைக்க முடியாது, பிளாஸ்டிக் உருகிவிடும். நுனியை 3 மி.மீ. நறுக்கிவிட்டு மறுபடி செருகலாம். ஓரிரு முறை நறுக்கினால் நீளம் போதாது.

ஆகவே வாலை 10 மி.மீ. கூட்டித் தாருங்கள், நறுக்க இடம் இருக்கும், மூடியைத் திறக்கும்போது இழுபடாது. செருகும் நுனிக்குப் பின்புறம் ஒரு தாங்குபட்டை ஒட்டுங்கள். ஆனால் தடிமன் பழையதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சாக்கெட்டின் பற்கள் விரிந்து, அடுத்த மெம்பிரேன் பிடிக்காது. வாலை மடித்து உறையில் போடாதீர்கள், மடிப்பு விழுந்த இடத்தில்தான் மை முதலில் வெடிக்கும். 40 விசைச் சந்திப்புகளையும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே அனுப்புங்கள்.

கூடவே ஒரு துண்டுச்சீட்டு: மேல் உலோகத் தகட்டை ஸ்குரூடிரைவரால் நெம்பினால் வளைந்துவிடும், ஹேர் டிரையரால் மெல்லச் சூடாக்கி, ஒட்டுநாடா இளகிய பிறகே எடுக்க வேண்டும். திரும்ப ஒட்டப் புதிய இருபக்க ஒட்டுநாடாவையும் நறுக்கி வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய கணினிகளைப் பழுதுபார்ப்பவர்கள்