ஐந்து செமஸ்டரில் பட்டம்: கையெழுத்துப் போடும் முன் ஒரு கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்றாண்டுப் பட்டத்தை இரண்டரை ஆண்டிலேயே முடிக்கலாமாமே என்று ராமேஸ்வரம் முதல் தொண்டி வரை மாணவர்களும் பெற்றோரும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். விதிப்படி முடிக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2024 நவம்பரில் இதற்கான நெறிமுறைக்கு ஒப்புதல் கொடுத்தது. 2025இல் வந்த இளங்கலை, முதுகலைப் படிப்புகளுக்கான ஒழுங்குமுறையிலும் இது இடம் பெற்றுவிட்டது. ஆனால் யுஜிசி அனுமதித்திருக்கிறதே தவிரக் கட்டாயமாக்கவில்லை. நம் கல்லூரிகள் இணைந்துள்ள அழகப்பா பல்கலைக்கழகத்தின் கல்விப் பேரவை ஏற்று, தேர்வு விதிகளைத் திருத்தினால்தான் கல்லூரியில் நடக்கும். ஆகவே கல்லூரி அலுவலகத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “உங்கள் விதிமுறையில் இது இருக்கிறதா? இருந்தால் நகல் கொடுங்கள்” என்பதுதான். “வந்துவிடும்” என்ற பதிலை நம்பித் திட்டம் போடக் கூடாது.

விதி சொல்வது சுருக்கமாக இதுதான். மூன்றாண்டுப் பட்டத்தைக் குறைந்தது ஐந்து பருவத்திலும் (செமஸ்டர்), நான்காண்டுப் பட்டத்தை ஆறு அல்லது ஏழு பருவத்திலும் முடிக்கலாம். முதல் பருவ முடிவிலோ இரண்டாம் பருவ முடிவிலோதான் விருப்பம் தெரிவிக்க வேண்டும், அதற்குப் பிறகு கிடையாது. ஒரு குழு மாணவரின் மதிப்பெண்ணையும் திறனையும் பார்த்துத் தேர்வு செய்யும். அனுமதிக்கப்பட்ட இடத்தில் பத்து விழுக்காட்டுக்கு மேல் எடுக்க முடியாது, அதாவது அறுபது பேர் வகுப்பில் ஆறு பேர். பாடமும், ஒவ்வொரு பாடத்துக்கும் அதன் அளவுக்கேற்பத் தரப்படும் புள்ளியான கிரெடிட்டும் ஒன்றுகூடக் குறையாது. குறைவது காலம் மட்டும்தான். பலர் சறுக்குவது இங்கேதான்: பாதிப் பாடம் படித்தால் போதும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். தேசியக் கிரெடிட் கட்டமைப்பில் மூன்றாண்டுக்கு 120 கிரெடிட், பருவத்துக்கு 20. முதல் பருவம் முடிந்து சேர்ந்தால் மீதி 100, நான்கு பருவத்தில் பிரித்தால் 25 வீதம். இரண்டாம் பருவம் முடிந்து சேர்ந்தால் மீதி 80, மூன்று பருவத்தில் 27, 27, 26. காகிதத்தில் பார்த்தால் தாங்கக்கூடியதுதான். ஆனால் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தில் இளங்கலைக்கு 140 கிரெடிட், பருவத்துக்குச் சராசரி 23. அங்கே இதே சராசரிக் கணக்கைப் போட்டால் 29, 31 என்று வரும்.

அந்தச் சராசரியும் ஏமாற்றுக் கணக்கு. நம் கல்லூரிகளில் ஒற்றைப்படைப் பருவத் தாள்கள் ஜூன் முதல் நவம்பர் வரையிலும், இரட்டைப்படைப் பருவத் தாள்கள் டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலும்தான் நடத்தப்படுகின்றன. ஐந்தாம் பருவத்தோடு வெளியேற வேண்டுமானால் ஆறாம் பருவத் தாள்கள் எல்லாவற்றையும் அதற்கு முன்பே முடித்தாக வேண்டும். அவை நடப்பது இரட்டைப்படைப் பருவத்தில் மட்டும். அப்படியானால் முதல் பருவம் முடிந்து சேரும் மாணவருக்கு இரண்டாம் பருவமும் நான்காம் பருவமும்தான் கிடைக்கும். சொந்தப் பாடம் 23, அதன் மேல் சீனியர்களோடு உட்கார்ந்து படிக்க 11 அல்லது 12, ஆக மொத்தம் 34, 35. இரண்டாம் பருவம் முடிந்து சேர்பவருக்கு நான்காம் பருவம் ஒன்றுதான் மிச்சம்: 46 கிரெடிட். யாராலும் முடியாது. கல்லூரி ஆறாம் பருவத் தாள்களில் சிலவற்றை ஒற்றைப்படைப் பருவத்திலும் நடத்த முன்வர வேண்டும், அல்லது இணையவழிப் பாடத்துக்குக் கிரெடிட் மாற்றித் தர வேண்டும். இரண்டும் இல்லாத கல்லூரியில் இந்தத் திட்டம் அறிவிப்புப் பலகையில்தான் இருக்கும்.

வாரத்துக்கு 30 மணி நேரம் என்பது கலைக் கல்லூரிகளின் வழக்கமான கால அட்டவணை. முதல் நான்கு பருவங்களில் பகுதி 1 தமிழுக்கு ஆறு மணி, பகுதி 2 ஆங்கிலத்துக்கு ஆறு மணி, ஆனால் கிரெடிட் தலா மூன்றுதான். 12 மணி நேரம் இப்படிப் போய்விடுவதால் அட்டவணையில் ஓட்டை கிடையாது. தமிழ் வகுப்பைக் குறைக்கச் சொல்லவில்லை, அது வேண்டாத வம்பு. வழி வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு ஷிப்ட் நடக்கும் கல்லூரியில் காலை ஷிப்ட் மாணவர் கூடுதல் தாளை மாலை ஷிப்டில் படிக்கலாம். அதற்குத் துறைத் தலைவரும் முதல்வரும் வருகைப் பதிவை இரண்டு பதிவேட்டிலும் எழுத ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் 75 விழுக்காடு வருகை இல்லை என்று ஹால் டிக்கெட் நிற்கும். பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு வந்து போகும் பிள்ளைகளுக்கு மாலை ஷிப்ட் முடிந்தபின் பஸ் இருக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்தப் பாடம் எடுத்தவருக்கு இது ஒத்துவரும்? வரலாறு, பொருளியல், வணிகவியல் போன்ற ஆய்வகம் இல்லாத படிப்புகளில் ஓரளவு முடியும். கணிதத்தில் ஒரு தாள் இன்னொன்றின் தோளில் நிற்கிறது. மெய்ப் பகுப்பாய்வு படிக்காமல் கலப்பெண் பகுப்பாய்வுக்குள் போனால் மதிப்பெண் அடிபடும். இயற்பியல், வேதியியலில் ஒரு கிரெடிட் ஆய்வகத்துக்கு இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். இரண்டாம் ஆண்டு பிராக்டிக்கலும் மூன்றாம் ஆண்டு பிராக்டிக்கலும் ஒரே மதியத்தில் இருந்தால் கதை முடிந்தது. விலங்கியலில் மன்னார் வளைகுடாக் களப்பயணத்தை ஐப்பசி, கார்த்திகையில் வைக்க முடியாது. கடல் விடாது. ஆக, ஐந்தாம் பருவத்துக்கு என்று தள்ளிப்போட்டால் அது நடக்காது.

இணையவழிப் பாடம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இங்கேதான் கடைசி நேரச் சிக்கல் அதிகம். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் படித்துக் கிரெடிட் சேர்க்கலாம் என்று 2021 ஒழுங்குமுறை சொல்கிறது. அதில் ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் பாடம் என்றால் 12 வாரத்துக்கு 3 கிரெடிட், 8 வாரத்துக்கு 2. மதிப்பெண்ணில் ஒப்படைப்புக்கு (அசைன்மென்ட்) 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. ஒப்படைப்பில் 10ம் தேர்வில் 30ம் தனித்தனியாக எடுக்க வேண்டும். தேர்வில் 60 வாங்கி ஒப்படைப்பில் 9 என்றால் சான்றிதழ் இல்லை. பாடம் இலவசம், தேர்வுக்குக் கட்டணம் உண்டு.

கல்லூரித் தாள் 5 கிரெடிட், ஸ்வயம் பாடம் 3 கிரெடிட் என்றால் மீதி இரண்டுக்கு எங்கே போவது? எந்தத் தாளுக்குப் பதில் எந்தப் பாடம் என்பதைப் பாடத்திட்டக் குழு முன்கூட்டியே முடிவு செய்து எழுத்தில் தர வேண்டும். தலைப்பு ஒரே மாதிரி இருக்கிறதே என்று மாணவர் தாமாகப் பதிந்துவிட்டுப் பிறகு அலைவது வீண். ஸ்வயம் முடிவு வரும் தேதியும் பல்கலைக்கழக முடிவு வரும் தேதியும் ஒன்றாக இருக்காது. கடைசிப் பருவத்தில் ஸ்வயம் பாடத்தை வைத்துக்கொண்டால், மிச்சப்படுத்திய மாதங்கள் மதிப்பெண் பட்டியலுக்குக் காத்திருப்பதிலேயே கரையும். மூன்றாம், நான்காம் பருவத்திலேயே அதை முடித்துவிடுவது நல்லது.

கிரெடிட்டெல்லாம் போய்ச் சேரும் இடம் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் என்ற இணையவழிக் கணக்கு. அதற்கு மாணவருக்கான அடையாள எண்ணான அபார் எண் வேண்டும், அபாருக்கு ஆதார் வேண்டும். கடற்கரைப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு தனிக் கஷ்டம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் “அந்தோணிராஜ் ச” என்று இருக்கும், ஆதாரில் “சவேரியார் அந்தோணி ராஜ்” என்று இருக்கும். இனிஷியலும் இடைவெளியும் ஒத்துப்போகாவிட்டால் கிரெடிட் கணக்கில் ஏறாது. கிளாஸில் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஆதாரைப் பள்ளிச் சான்றிதழுக்கு ஏற்பத் திருத்திவிட வேண்டும். ஐந்தாம் பருவத்தில் கண்டுபிடித்தால் நேரம் இருக்காது.

கடலோரக் காவல் படை, கடற்படை, காவல் துறை என்று கனவு காண்பவர்கள் நம் பகுதியில் அதிகம். அவர்கள் கவனிக்க வேண்டியது என்சிசி என்னும் தேசிய மாணவர் படை. ‘பி’ சான்றிதழ் இரண்டாம் ஆண்டில், ‘சி’ சான்றிதழ்த் தேர்வு மூன்றாம் ஆண்டில். டிசம்பரில் கல்லூரியை விட்டுப் போகிறவருக்கு அந்த ‘சி’ கைக்கு வருமா என்பது சந்தேகம். நாட்டு நலப்பணித் திட்டத்திலும் இரண்டு ஆண்டில் 240 மணி நேரமும் ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. அதை ஓராண்டில் திணிக்க முடியாது.

சரி, எல்லாம் கூடிவந்து டிசம்பரில் முடித்தாயிற்று. அடுத்து என்ன? முதுகலைச் சேர்க்கை நம் பக்கம் இன்னமும் ஜூன், ஜூலையில்தான். ஜனவரிச் சேர்க்கையும் நடத்தலாம் என்று யுஜிசி சொன்னாலும், நடத்தும் இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். யுபிஎஸ்சி சிவில் சர்வீஸ், டிஎன்பிஎஸ்சி குரூப் 1 இரண்டுக்கும் குறைந்தபட்ச வயது 21. இருபது வயதில் பட்டம் வாங்கினாலும் வயது வரும் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். உடனே வேலைக்குப் போகப் போகிறவருக்கும், வளைகுடாவுக்கு விசா கையில் வைத்திருப்பவருக்கும் ஆறு மாதம் நிஜமாகவே ஆறு மாதம். வெளிநாடு போகிறவர்கள், குறைந்த காலத்தில் முழுப் படிப்பும் முடிக்கப்பட்டது என்ற குறிப்பு மதிப்பெண் விவரப் பட்டியலில் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். நெறிமுறையே அந்தக் குறிப்பைப் போடச் சொல்கிறது. அது இல்லாமல் போனால் சான்றிதழ் சரிபார்ப்பில், மூன்றாண்டுப் படிப்பு எப்படி இரண்டரையில் முடிந்தது என்ற கேள்வி வரும்.

இதே நெறிமுறையில் இன்னொரு பாதி இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மூன்றாண்டுப் பட்டத்தை எட்டுப் பருவம் வரை நீட்டிக்கலாம், பருவத்துக்குக் குறைந்த கிரெடிட் எடுத்து. இதற்குப் பத்து விழுக்காடு வரம்பும் இல்லை. எங்கள் பார்வையில் இந்தக் கரைக்கு அதிகம் தேவைப்படுவது இதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கிறது, பையனுக்கு ஓய்வு என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். மராமத்து, பலகை மாற்றுவது, பெயின்ட் எல்லாம் அந்த மாதங்களில்தான். பருவத் தேர்வும் அப்போதுதான். சாயல்குடிப் பக்கம் பதநீர்ப் பருவமும் கூடவே ஓடுகிறது. இரண்டு தாள் அரியர், பிறகு நான்கு, பிறகு கல்லூரிப் பக்கமே வராமல் போவது என்று போகிற பிள்ளைக்கு, பருவத்துக்கு நான்கே தாள் எடுத்து நான்கு ஆண்டில் முடிக்க முறையான வழி இருந்தால் அவர் பட்டம் வாங்குவார். கணக்குப்படி பார்த்தால், அரியர் வைத்து ஐந்தாண்டு இழுப்பவருக்கு இதுவே விரைவுப் பட்டம்.

உண்மையில் ஓராண்டு மிச்சமாக வேண்டும் என்பவர்களுக்கு வேறு பாதைகளும் இருக்கின்றன. ஆசிரியராக விரும்புகிறவர் மூன்றும் இரண்டும் ஐந்தாண்டு படிப்பதற்குப் பதில் நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எட். படிக்கலாம். 2022 வழிகாட்டுதலின்படி நேரடியாக ஒரு பட்டமும் தொலைநிலையில் இன்னொரு பட்டமும் ஒரே சமயத்தில் படிக்கலாம். தொலைநிலைப் படிப்புக்கு யுஜிசி அங்கீகாரமும், மாணவருக்கு டெப் ஐடியும் (யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் அடையாள எண்) இருக்க வேண்டும். பாலிடெக்னிக் முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆனால் பத்தாம் வகுப்புக்குப் பிறகு எண்ணினால் இந்த வழியும் பிளஸ் டூ படித்து பி.இ. சேரும் வழியும் ஆறாண்டுதான். அதில் காலம் மிச்சமில்லை, கையில் ஒரு டிப்ளமா மிச்சம்.

“ஒரே ஆண்டில் டிகிரி, தேர்வு எழுத வேண்டாம்” என்று பஸ் நிலையச் சுவரிலும் வாட்ஸ்அப்பிலும் வருவது இதில் எதுவும் இல்லை. எந்த விதியும் ஐந்து பருவத்துக்குக் கீழே போகவில்லை. பட்டம் கேட்கும் தமிழக அரசு வேலைக்குப் பத்து, பிளஸ் டூ அல்லது அதற்கு இணையான படிப்பு, பட்டம் என்ற வரிசையும் வேண்டும். அந்த இடைப்படிப்பு இல்லாமல் திறந்தநிலையில் வாங்கிய பட்டம் அங்கே செல்லாது.

அழகப்பா பல்கலைக்கழகத்துக்கும் அதன் கீழுள்ள நம் மாவட்டக் கல்லூரிகளுக்கும் எங்கள் வேண்டுகோள்: விரைவுப் பட்டத்தையும் நீட்டிப்புப் பட்டத்தையும் ஒரே தீர்மானத்தில் கொண்டுவாருங்கள். முதல் பருவத் தேர்வு முடிவோடு, ஒவ்வொரு துறையும் எந்தத் தாளை எந்தப் பருவத்தில் முன்கூட்டி நடத்தும், எதற்கு எந்த ஸ்வயம் பாடம் ஈடு என்று ஒரு பக்கத்தில் அச்சிட்டு ஒட்டுங்கள். பாதியில் முடியாமல் போனால் வழக்கமான ஆறு பருவத்துக்கே திரும்பலாம், அதற்குள் எடுத்த கிரெடிட் எதுவும் போகாது என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள். அந்தத் தாள் கையில் வந்த பிறகு மாணவர்கள் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடட்டும்.

இப்படிக்கு,
கலை அறிவியல் கல்லூரி ஆசிரியர்கள் சிலர்,
ராமநாதபுரம் மாவட்டம்.