நாலு பெல்ட் யார் வாங்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தை பிறந்தால் எங்கள் ஆத்தூர் பக்கமிருந்து நெல் அறுக்கும் மிஷின்கள் டெல்டாவுக்குக் கிளம்பிவிடும். ராத்திரியோடு ராத்திரியாகப் போனால்தான் விடிந்ததும் மன்னார்குடியிலோ திருத்துறைப்பூண்டியிலோ வயலில் இறக்க முடியும், மணிக்கணக்கில் வாடகை என்பதால் சும்மா நிற்கிற ஒவ்வொரு மணியும் உரிமையாளருக்கு நஷ்டம். இந்த அவசரத்தில் எப்போதும் அரைகுறையாக நடக்கிற வேலை ஒன்று உண்டு. லாரியிலோ ட்ரெய்லரிலோ ஏற்றிய மிஷினைக் கட்டுவது. அறுவடைச் செய்திகளில் நெல்லின் ஈரப்பதம் வருகிறது, கொள்முதல் நிலையம் வருகிறது, வாடகை வருகிறது, இது மட்டும் வருவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவன் நான், அதில் நாலு வருடம் வளைகுடாவில் லோ பெட், அதாவது கனமான மிஷின்களை ஏற்றுகிற தாழ்ந்த தள ட்ரெய்லர். "மூணு டன் மிஷின், அது எங்கே நகரப் போகுது" என்ற பேச்சைக் கேட்காத ஷெட் கிடையாது. நானும் பேசியவன்தான், வெளிநாடு போவதற்கு முன்பு. ஒரு தை மாத ராத்திரி அரியலூர் தாண்டி, திருமானூர் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டில் படுத்திருந்த மாட்டுக்காக பிரேக் அடித்தேன். மேலே இருந்தது டயருக்குப் பதில் செயினில் ஓடுகிற மிஷின், முந்தின நாள் சேற்றில் ஓட்டிவிட்டுக் கழுவாமலே ஏற்றியது. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது, மேலே குறுக்காக ஒரு நைலான் கயிறும் இருந்தது. மிஷின் வழுக்கிக்கொண்டு வந்து கேபினின் முதுகில் இடித்தது. உள்ளே படுத்திருந்த கிளீனர் பையனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் அவன் கேட்டது ஒன்றுதான்: "கட்டிட்டுத்தானண்ணே வந்தோம்?" கட்டிவிட்டுத்தான் வந்தோம்.

பிறகு லோ பெட்டில் எனக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு இது, அமெரிக்க விதியும் ஐரோப்பியத் தரமும் இதையே வைத்திருக்கின்றன. கடுமையாக பிரேக் அடித்தால் சுமை தன் எடையில் 80 சதவீத விசையோடு முன்னால் தள்ளும், பக்கவாட்டிலும் பின்னாலும் 50 சதவீதம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று டன் மிஷின் என்றால் 2,400 கிலோ விசை முன்னால் தள்ளுகிறது. எடை கூடினால் அந்தத் தள்ளுதலும் கூடும், ஆக எடையை நம்பி விடுவதில் அர்த்தமே இல்லை. தளத்தின் பிடிமானம் கொஞ்சம் தடுக்கும், சரி, ஆனால் இரும்புத் தகட்டின் மேல் ஈரக் களிமண் இருந்தால் அது சோப்பு போட்ட தரைதான். மேலே குறுக்காகப் போடுகிற கயிறு மிஷினைக் கீழே அழுத்துகிறது, முன்னால் போவதை இழுத்துப் பிடிப்பதில்லை. அதுவும் நைலான் என்றால் நீளும், நனைந்தால் பலம் குறையும்.

அதனால் முதலில் தளத்தையும் செயினையும் கழுவுங்கள். முன்னால் நெல்லை அறுக்கிற கட்டரைக் கீழே இறக்கி, நெல் கொட்டுகிற குழாயை மடக்கிப் பூட்டிவிட்டு, நாலு மூலைக்கு நாலு ராட்செட் பெல்ட் (கைப்பிடியை ஆட்டி இறுக்குகிற பட்டை) அல்லது சங்கிலி போடுங்கள், முன்னால் இரண்டு முன்பக்கமாக இழுக்கட்டும், பின்னால் இரண்டு பின்பக்கமாக. பின்னால் உள்ள இரண்டையும் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே மாற்றிக் கட்டினால் பக்கவாட்டு ஆட்டமும் அடங்கும். கொக்கியை மிஷினின் சேஸிஸில் (அடிச்சட்டத்தில்) அதற்கென்று உள்ள வளையத்தில் மாட்ட வேண்டும், கைக்கு எட்டுகிறதே என்று ஏணியிலும் கட்டரிலும் மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஹைட்ராலிக் குழாயைச் சுற்றிப் போட்ட மகானுபாவரையும் பார்த்திருக்கிறேன். பெல்ட் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். எத்தனை கிலோவில் அறும் என்று ஓர் எண், எத்தனை கிலோ வரை வேலை வாங்கலாம் என்று இன்னோர் எண். இரண்டாவது எண் முதலாவதில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோதான் இருக்கும். கடைக்காரர் பெரிய எண்ணைத்தான் சொல்வார். ஓரம் கிழிந்த பெல்ட்டை முடிச்சுப் போட்டு ஓட்டுவது கட்டாமல் போவதற்குச் சமம்.

டிராக்டருக்குப் பின்னால் இரண்டு சக்கர ட்ரெய்லரில் சின்ன மிஷினை ஏற்றுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எடையில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக, சுமார் 60 சதவீதம், அச்சுக்கு முன்னால் இருக்கட்டும். பின்னால் பாரம் ஏறினால் வேகம் பிடித்ததும் ட்ரெய்லர் வாலாட்டும், அப்புறம் டிராக்டரையே இழுத்துக்கொண்டு போகும்.

எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் ஓட ஓடத் தளரும். அமெரிக்காவில் முதல் 80 கிலோமீட்டருக்குள் ஒருமுறை இறங்கிப் பார்க்கச் சொல்கிறது விதி, பிறகும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையாவது. நம் ஊர் வேகத்தடைகளுக்கு 20 கிலோமீட்டரே அதிகம். டீக்கு நிறுத்துகிறோமே, அப்போது பெல்ட்டைக் கையால் தட்டிப் பார்க்க அரை நிமிடம் ஆகுமா?

சோதனையில் நிறுத்துகிறவர்கள் பாரம் அதிகமா, வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கிறார்கள், 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இரண்டுக்கும் 20,000 ரூபாய் அபராதம், அதிக பாரத்துக்கு டன்னுக்கு 2,000 ரூபாய் மேற்கொண்டு. பார்க்க வேண்டியதுதான். ஆனால் என் இருபத்திரண்டு வருடத்தில் நம் ஊரில் ஒருவரும் சங்கிலியை ஆட்டிப் பார்த்ததில்லை.

உண்மையில் இந்தக் கயிறு விவகாரம் தெரியாமல் நடப்பதில்லை. பெல்ட் லாரிக்காரர் கொண்டுவர வேண்டும் என்று மிஷின்காரர் சொல்வார், மிஷின் உன்னுடையது, பெல்ட்டும் உன்னுடையது என்று லாரிக்காரர் சொல்வார், நடுவில் டிரைவர் கையில் கிடைத்த கயிற்றை எடுத்துக் கட்டிவிட்டு கிளம்புவான். மிஷின்காரர்கள்தான் வாங்க வேண்டும் என்பது என் கட்சி. லாரி ஒவ்வொரு நடைக்கும் மாறும், மிஷின் மாறாது, அதனால் நாலு பெல்ட்டும் மிஷினின் டூல் பாக்ஸிலேயே கிடக்கட்டும். எங்கள் தெருவில் மட்டும் ஆறு மிஷின் இருக்கிறது. இந்த வருடம் பெல்ட் வாங்கியது என் மச்சான் ஒருவர்தான், அதுவும் கார்த்திகையிலிருந்து நான் நச்சரித்த பிறகு.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் லாரி ஓட்டுநர்,
ஆத்தூர், சேலம் மாவட்டம்.