டாக்டர் சாட்சிக்கு டைம் குறிச்சு கூப்பிடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

ஆக்சிடென்ட் கேஸுல இத்தனை லட்சம் நஷ்டஈடுன்னு உங்க பேப்பர்ல அடிக்கடி செய்தி வருது. அந்த லட்சம் எப்படி வந்துச்சு, கோர்ட்ல யாரு வந்து என்ன சொன்னதால வந்துச்சுன்னு யாரும் எழுதறதில்ல. நாங்க அதுல அடிபட்டவங்க, அதனாலதான் எழுதறேன், கொஞ்சம் நீளமா இருந்தாலும் போடுங்க.

என் வீட்டுக்காரர் பெயிண்டர். 38 வயசுல, வேலை முடிச்சு வண்டில வந்துட்டிருந்தவர பின்னாடி வந்த கார் தட்டி, வலது தோள்பட்டை நொறுங்கி பிளேட் வச்சாங்க. எலும்பு கூடிடுச்சு, ஆனா கை தோளுக்கு மேல ஏறாது. சோறு திங்கலாம், போன் பேசலாம், பாக்கறவங்களுக்கு ஆளு நல்லாத்தான இருக்காருன்னு தோணும். ஆனா சீலிங்குக்கு ரோலர் புடிக்க முடியாது, செவுத்துக்கு பட்டி பாக்க முடியாது, சாரத்துல நின்னு ஒரு கையில கயித்த புடிச்சுகிட்டு இன்னொரு கையில பிரஷ் ஓட்ட முடியாது. வீட்ல சாமி படத்துக்கு பூ வைக்கறப்ப வலது கைய இடது கையால தாங்கி தூக்கித்தான் வைப்பாரு.

எம்.சி.ஓ.பி., அதாவது மோட்டார் ஆக்சிடென்ட் நஷ்டஈடு கேஸ் போட்டோம். ஆபரேஷன் பண்ணின அரசு டாக்டருக்கு சம்மன் போச்சு, அவரும் மாட்டேன்னு சொல்லாம வந்தாரு. காலைல 10.30க்கு வந்து கேஸ் ஷீட்ட மடில வச்சுகிட்டு வெளிய பெஞ்சுல உக்காந்தவருக்கு வார்டுல இருந்து போன் மேல போன், மத்தியானம் மூணு மணி வாக்குல எங்க கேஸ கூப்பிட்டாங்க, இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் வரல, ஜூனியர் எந்திரிச்சு டைம் கேட்டாரு, வாய்தா. அவ்வளவுதான். அடுத்த வாய்தாவுக்கு ஜட்ஜ் லீவு. அதுக்கும் அடுத்ததுக்குள்ள டாக்டருக்கு வேற ஜில்லாவுக்கு மாறுதல் வந்துடுச்சு.

அப்பத்தான் கோர்ட் வராண்டாவுல ஒருத்தர் வந்து, எதுக்கும்மா அலையறீங்க, நம்மகிட்ட ஒரு டாக்டர் இருக்காரு, சர்டிபிகேட்டும் குடுப்பாரு சாட்சிக்கும் வருவாருன்னாரு. நாங்களும் போனோம், அது தப்புதான், மறைக்கல. அந்த டாக்டர் எக்ஸ்ரேவ லைட்டுல காட்டி பாத்தாரு, தோள தொட்டு தூக்கி பாக்கல, அஞ்சு நிமிஷத்துல 60 பர்சென்ட் ஊனம்னு எழுதி குடுத்துட்டாரு. சாட்சி கூண்டுல இன்சூரன்ஸ் வக்கீல் மூணே கேள்விதான் கேட்டாரு. இவருக்கு நீங்க வைத்தியம் பாத்தீங்களா? இல்ல. கை எத்தனை டிகிரி ஏறுதுன்னு அளந்தீங்களா? பதில் இல்ல. இதுக்கு முன்னாடி இந்த கோர்ட்ல எத்தனை கேஸுக்கு சர்டிபிகேட் குடுத்திருக்கீங்க? நிறையன்னாரு. ஜட்ஜ் 25 பர்சென்ட் மட்டும் எடுத்துக்கிட்டாரு. அவர குறை சொல்ல மாட்டேன்ங்க, அவர் முன்னாடி இருந்த சாட்சிய வச்சு அவ்வளவுதான் குடுக்க முடியும். பொய் சர்டிபிகேட்டால கம்பெனிக்காரங்க ஏமாந்ததும் உண்டு, அவங்க வக்கீல் குடையறதும் ஞாயந்தான்.

இதுல பணம் எவ்வளவு மாறுதுன்னு பாருங்க. மாச சம்பளம் 15,000, வருஷத்துக்கு 1,80,000, 36ல இருந்து 40 வயசுக்குள்ள இருந்தா சுப்ரீம் கோர்ட் 2009ல போட்ட கணக்குப்படி 15ஆல பெருக்கணும், 27 லட்சம் வருது. 25 பர்சென்ட்னா 6,75,000. பெயிண்டர் வேலையே போச்சுன்னு ஒத்துக்கிட்டா முழுசா 27 லட்சம். மத்த சேர்மானத்த எல்லாம் விட்டுட்டு சொல்றேன். இடையில இருக்கற இந்த 20 லட்ச ரூவா ஒரு டாக்டர் கூண்டுல ஏறி சொல்ற நாலு வார்த்தையிலதான் நிக்குது.

அப்பீல் வக்கீல்கிட்ட போனப்பதான் பல விஷயம் தெரிஞ்சுது. கோர்ட்டுக்கு தெரியாத தொழில் விஷயத்துல விவரம் தெரிஞ்சவங்க கருத்த கேக்கலாம்னு 1872லயே சாட்சிய சட்டத்துல 45வது பிரிவு இருந்திருக்கு, 2024 ஜூலை 1ல இருந்து வந்த புது சட்டத்துல அது 39வது பிரிவு. அது கருத்துதான், ஜட்ஜ் அப்படியே ஏத்துக்கணும்னு கிடையாது, எத வச்சு சொல்றீங்கன்னு காரணம் கேப்பாங்க, 60 பர்சென்ட்னு எழுதின டாக்டர்கிட்ட இல்லாதது அந்த காரணம்தான்.

அதவிட பெருசு ராஜ்குமார்ங்கறவரு கேஸுல 2010ல சுப்ரீம் கோர்ட் குடுத்த தீர்ப்பு. வக்கீல் படிச்சு சொல்ல சொல்ல எனக்கு அழுகையே வந்துடுச்சு, எங்க வீட்டு கதைய பாத்து எழுதின மாதிரி இருந்துச்சு. உடம்புல எத்தனை பர்சென்ட் ஊனங்கறது வேற, சம்பாதிக்கற சக்தி எத்தனை பர்சென்ட் போச்சுங்கறது வேறன்னு பிரிச்சு சொல்றாங்க. இடது கை போச்சுன்னா ஊனம் 60 பர்சென்ட் பக்கம் வரலாம், ஆனா அவர் டிரைவரா, தச்சரா இருந்தா வருமானம் கிட்டத்தட்ட நூறு பர்சென்டும் போச்சு, அதே கவர்மென்ட் கிளார்க்கா இருந்தா வேலை போகாம கூட இருக்கலாம். வைத்தியமே பாக்காம ரெடிமேடா சர்டிபிகேட் குடுக்கற டாக்டருங்க விஷயத்துல ஜாக்கிரதையா இருக்கணும்னும் அதுலயே இருக்கு.

டாக்டர்கள எப்படி நடத்தணும்னும் சொல்லிருக்காங்க. 10.30க்கு வர சொல்லி கோர்ட் ஹால்ல உக்கார வைக்காதீங்க, டைம் குறிச்சு கூப்பிடுங்க, வந்தா உடனே சாட்சிய பதிவு பண்ணுங்க, முடிஞ்சா கமிஷன் போட்டு, அதாவது கோர்ட் சார்புல ஒரு ஆள அனுப்பி, அவருக்கு தோதான நேரத்துல சாட்சி வாங்குங்க, எதிர் பார்ட்டி ஆட்சேபிக்கலன்னா சர்டிபிகேட்ட அப்படியே எடுத்துக்குங்க. டாக்டர மிரட்டி வரவைக்கறது தீர்வு இல்லன்னே எழுதியிருக்கு. இவ்வளவும் 2010லயே வந்துடுச்சு, எங்க டாக்டர் அந்த பெஞ்சுல உக்காந்தது அதுக்கு பல வருஷம் கழிச்சு!

இன்னொன்னுங்க, அமெரிக்காவுல இருக்கற டாக்டர வீடியோ கான்பரன்ஸ்ல விசாரிக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் 2003லயே சொல்லிடுச்சாம், பிரபுல் தேசாய் கேஸ்னு வக்கீல் சொன்னாரு. கொரோனா சமயத்துல கேஸெல்லாம் வீடியோவுல நடந்தது எல்லாருக்கும் தெரியும். அப்புறம் பக்கத்து ஜில்லாவுக்கு மாறுதலான டாக்டரோட சாட்சிய எதுக்கு விடணும்?

எங்க மாதிரி வர்றவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கறேன். வைத்தியம் பாத்த டாக்டர விட்டுடாதீங்க, எத்தனை வாய்தா ஆனாலும் அவரையே கேளுங்க, வீடியோவுல விசாரிக்க சொல்லி வக்கீல மனு போட சொல்லுங்க. எத்தனை பர்சென்ட்னு மட்டும் கேக்காம, இந்த ஆளால அவர் தொழில்ல எந்தெந்த வேலைய செய்ய முடியாதுன்னு டாக்டர் வாயால சொல்ல வைங்க. எங்க கேஸுல அந்த கேள்விய யாருமே கேக்கல.

ஐகோர்ட்ல அப்பீல் நிலுவையில இருக்கு. பழைய டாக்டர் நம்பர தேடி புடிச்சு பேசினேன். கை ஏறலன்னு மறுபடி காட்ட போனப்ப 90 டிகிரிக்கு மேல தூக்க முடியலன்னு கருவி வச்சு அளந்து அவர் கைப்பட எழுதின சீட்டு எங்ககிட்ட இருக்கு, அத சொன்னதும் ஞாபகம் வந்துடுச்சு. கோர்ட் கேட்டா எந்த ஊர்ல இருந்தாலும் வீடியோவுல வந்து சொல்றேன்மா, டைம் மட்டும் முன்னாடியே சொல்லிடுங்கன்னாரு.

இப்படிக்கு,
ஒரு பெயிண்டரோட மனைவி,
ஈரோடு மாவட்டம்.