தீக்குச்சி ‘மேட்ச்’ வேறு, கிரிக்கெட் ‘மேட்ச்’ வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் ‘மேட்ச்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. பெட்டியின் பக்கவாட்டு மருந்தோடு குச்சி பொருந்தினால்தான் தீ வரும், அதனால்தான் அதற்கு மேட்ச் என்று பெயர் என எழுதியிருந்தீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தப்பு. சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டிப் பிள்ளைகளும் படிக்கிற பக்கம் என்பதால் சொல்லாமல் விட மனமில்லை.

பெட்டியோடு பொருந்த வேண்டும் என்ற பேச்சே பாதுகாப்புத் தீக்குச்சிக்குத்தான் செல்லும். அதன் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் பசையோடு சேர்ந்திருக்கும். சிவப்புப் பாஸ்பரஸ் பெட்டியின் பக்கத்தில் மட்டும் இருக்கும். உரசும்போது பாஸ்பரஸ் துணுக்கு சூடேறிப் பற்றும், குளோரேட் ஆக்சிஜனை விடும், கந்தகம் எரியும், குச்சியில் ஏறியிருக்கும் மெழுகு அந்தத் தீயை மரத்துக்குக் கொண்டு போகும். பக்கம் தேய்ந்து வழவழப்பானாலோ ஐப்பசி மழையில் பசை ஈரம் குடித்தாலோ தலை உதிருமே தவிரப் பற்றாது. சுவீடனின் குஸ்தாவ் எரிக் பாஷ் இந்த ஏற்பாட்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1844-ல். அதற்கு முன்பே, 1827-ல், இங்கிலாந்தின் ஸ்டாக்டனில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர் விற்ற குச்சிகளை மடித்த உப்புத்தாளுக்கு நடுவே இழுத்தால் போதும். பின்னால் வந்த வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சி சுவரில் உரசினாலே பற்றும். தனிப் பெட்டி மருந்து எதுவும் தேவைப்படாத அந்தக் காலத்திலும் ஆங்கிலத்தில் தீக்குச்சி மேட்ச்தான்.

பெயர் வந்த வழி வேறு. பிரெஞ்சில் ‘மெஷ்’ என்றால் விளக்குத் திரி. அதிலிருந்து வந்த மேட்ச், 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் திரியைத்தான் குறித்தது. பிறகு துப்பாக்கிக்குத் தீ வைக்கும் கயிற்றுக்கு அதுவே பெயரானது. வெடியுப்புக் கரைசலில் ஊறவைத்துக் காயவிட்ட கயிறு, மணிக்கு ஏறத்தாழ ஓரடி என்று கனன்றுகொண்டே போகும். விசையை இழுத்தால் அதன் கங்கு துப்பாக்கியின் வெடிமருந்துக் கிண்ணியில் இறங்கும். மழை பிடித்துக்கொண்டால் துப்பாக்கி வெறும் தடி. நம் பாளையக்காரர் படைகளிலும் இருந்த இந்த வகைக்கு ‘மேட்ச்லாக்’ என்று பெயர். கந்தகம் தோய்த்த குச்சி, அப்புறம் உரசும் குச்சி என்று பெயர் கைமாறி வந்தது. ‘மெஷ்’ஷுக்கும் பின்னால் கிரேக்க ‘மிக்ஸா’ இருப்பதாகச் சொல்லறிஞர்கள் கருதுகிறார்கள். அதற்கு முதலில் மூக்குச் சளி என்று பொருள், பிறகு விளக்கின் மூக்கு.

இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. மதுரைப் பக்கம் தீப்பெட்டியை வத்திப்பெட்டி என்கிறோமே, வத்தி என்றாலும் திரிதான். ஊதுவத்தி, மெழுகுவத்தி தொடங்கி, ஊர்ச் சண்டையில் வத்தி வைக்கிற ஆள் வரை எல்லாம் அதே வத்தி. திரியின் பெயர் குச்சிக்குப் போனது இங்கேயும் அங்கேயும் தனித்தனியாக நடந்திருக்கிறது.

இன்னொரு மேட்ச், பழைய ஆங்கில ‘யெமாச்சா’விலிருந்து வந்தது. துணை, ஜோடியில் ஒருவர், கணவன் அல்லது மனைவி என்று பொருள். ஜோடி என்றது சமமானவர் என்றாகி, சமமானவர்கள் மோதுவது என்ற பொருள் 16-ஆம் நூற்றாண்டில் வந்தது. கிரிக்கெட் மேட்ச், கல்யாண மேட்ச், சேலைக்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி விற்கும் மதுரை விளக்குத்தூண் பக்கத்து ‘மேட்சிங் சென்டர்’ எல்லாம் இந்தக் குடும்பம். (அந்தக் கடைகளுக்குப் போகிறவர்கள் சேலையைக் கையோடு கொண்டுபோய் வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. இரண்டு துணியின் சாயம் வேறு வேறாக இருந்தால், டியூப்லைட்டில் ஒத்துப்போன ரவிக்கைத் துணி வெயிலில் காலை வாரிவிடும்.) ‘மாச்சா’ என்று காதில் விழுந்ததும் மச்சானை இழுத்து வந்துவிடவும் கூடாது. ஓசை ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது. எந்த நூற்றாண்டில் என்ன பொருளில் வழங்கியது, இடையில் என்ன வடிவங்கள் என்று காட்ட முடிய வேண்டும்.

மாணவர்களுக்கு இதைத் தமிழிலேயே விளக்கிவிடலாம். திங்கள் என்பது நிலவு, அதிலிருந்து மாதம், கிழமை. ஒரே சொல், பொருள்தான் கிளைத்தது. மாலை அப்படியல்ல. பொழுதைக் குறிக்கும் மாலை தமிழ், பூமாலைக்கோ வடமொழி ‘மாலா’வைக் காட்டுகிறது தமிழ்ப் பேரகராதி. மேட்ச் இந்த இரண்டாம் வகை. நல்ல ஆங்கில அகராதியில் இப்படிப்பட்ட சொல் இரண்டு தனிப் பதிவாக, தலைச்சொல்லின் தோளில் 1, 2 என்று சிறு எண்ணோடு நிற்கும். பலரும் முதல் பதிவோடு மூடிவிடுகிறார்கள், கோளாறு அங்கேதான். பதிவின் கடைசியில் வரும் சொற்பிறப்புக் குறிப்பையும் பார்க்க வேண்டும். அகராதி கையில் இல்லாதபோது, வினையாக்கிப் பார்க்கலாம். ‘மேட்ச் ஆகிறது’ என்று இன்று சொல்வதெல்லாம் ஜோடி மேட்ச்தான், தீக்குச்சி மேட்சுக்கு அந்த வினை கிடையாது. ஆனால் கூட்டுச்சொல்லில் இந்தச் சோதனை கைகொடுக்காது. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியும் மேட்ச்மேக்கர், ஜாதகக் கட்டோடு வரும் தரகரும் மேட்ச்மேக்கர்.

அடுத்த வாரச் சொல் ‘மேட்’ என்று அறிவித்திருக்கிறீர்கள். தோழனைக் குறிக்கும் மேட், கூடவே உண்பவன் என்ற பொருளுடைய பழைய ஜெர்மன் கிளைமொழிச் சொல். உணவைக் குறித்த ‘மீட்’டுக்குத்தான் அது உறவு. சதுரங்கத்தின் ‘செக்மேட்’டில் வருவதோ பாரசீக ‘ஷா மாத்’. இரண்டையும் ஒரே மூலத்தில் கட்டிவிடாமல் அச்சுக்கு அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருநகர், மதுரை