319 ரன் முன்னிலைக்கு அப்புறமும் என்ன பயம், கேப்டன்?

மதிப்பிற்குரிய கேப்டன் ராகுல் டிராவிட் அவர்களுக்கு,

முதலில் வாழ்த்துகள். 1986-ல் கபில்தேவ் அணி ஜெயித்ததற்குப் பிறகு இங்கிலாந்து மண்ணில் ஒரு டெஸ்ட் தொடரை நாம் ஜெயிப்பது இப்போது, 2007-ல்தான். அதுவும் மார்ச் மாதம் உலகக் கோப்பையில் முதல் சுற்றோடு மூட்டை கட்டிய அணியை வைத்துக்கொண்டு, தலைமைக் கோச் என்று ஒருவர் இல்லாமல். ரொம்பப் பெரிய விஷயம். இதைச் சொல்லிவிட்டுத்தான் சண்டைக்கு வருகிறேன்.

சண்டை, லண்டன் ஓவலில் நடந்த கடைசி டெஸ்டின் நாலாவது நாள் காலையில் நீங்கள் எடுத்த முடிவைப் பற்றியது. முதல் இன்னிங்ஸில் நாம் 664, இங்கிலாந்து 345. பாலோ-ஆன் கொடுக்க, அதாவது எதிரணியையே உடனே மறுபடி பேட்டிங் ஆடச் சொல்ல, 200 ரன் முன்னிலை போதும், உங்கள் கையில் 319 இருந்தது. நீங்கள் கொடுக்கவில்லை. கடைசியில் மேட்ச் டிரா. நேற்று ராத்திரி டிவியை அணைத்ததிலிருந்து எனக்கு ஆறவே இல்லை.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிட்டு மூன்றரை மணிக்கே எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டோம். அப்பாவுக்கு ஓவல் என்றால் தனிப் பாசம். 1971-ல் அதே ஓவலில் சந்திரசேகர் 6 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை 101-க்குச் சுருட்டியதை ரேடியோவில் கேட்டவர். அந்த அணியில் நம்ம ஊர் வெங்கட்ராகவனும் இருந்தார் என்பதை வருஷத்துக்கு இரண்டு முறையாவது சொல்லிவிடுவார். கடைசி விக்கெட் விழுந்ததும், "அவ்வளவுதான், மறுபடி அவங்களையே ஆடச் சொல்லுவான் பாரு" என்றார். நான் காபி எடுத்துவர உள்ளே போனேன். திரும்பி வந்தால் ஜாஃபரும் தினேஷ் கார்த்திக்கும் பேட்டைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். பழைய ஹைலைட்ஸ் போடுகிறார்கள் என்று நினைத்தேன் சார், சத்தியமாக.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 11 ரன்னுக்கு 3 விக்கெட். அதற்கப்புறம் நீங்கள் ஆடியது 96 பந்து, எடுத்தது 12 ரன். தோற்கிற மேட்சைக் காப்பாற்ற நீங்கள் 96 பந்து கட்டை போட்டால் கையெடுத்துக் கும்பிடுவேன், எத்தனையோ தடவை கும்பிட்டும் இருக்கிறேன். ஆனால் இது முன்னூற்றுச் சொச்சம் ரன் முன்னிலையில் இருக்கிற அணி. யாரிடமிருந்து எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தீர்கள்? அப்பா பாதியில் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டார். இரண்டு நாளும் உட்கார்ந்து பார்த்ததில் தோல்விகூட இவ்வளவு வலித்திருக்காது.

பந்துவீச்சாளர்கள் களைத்துப் போயிருந்தார்கள் என்கிறீர்கள். நாலே பேர், நூறு ஓவருக்கு மேல் போட்டிருக்கிறார்கள், கும்ப்ளேவுக்கு 36 வயது, ஜாகீர் தொடர் முழுக்க உழைத்தவர். மறுக்கவில்லை. ஆனால் மூன்றாம் நாள் முடிவிலேயே இங்கிலாந்து 326-க்கு 9. ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்து, காலையில் வந்து ஒரே ஒரு விக்கெட் எடுத்தார்கள். களைப்பு அந்த ஒரு விக்கெட்டிலா வந்தது? கிட்டத்தட்ட இரண்டு முழு நாள் மிச்சம் இருந்தது. அதில் ஏறக்குறைய அறுபது ஓவரை நாமே தின்றுவிட்டு, 500 ரன் இலக்கு என்றோம். நாலாவது இன்னிங்ஸில் இதுவரை ஜெயித்த அதிகபட்ச இலக்கே 418. மீதி நேரத்தில் அவர்கள் 110 ஓவர் ஆடி, பீட்டர்சன் சதமும் போட்டு, 369-க்கு 6 என்று தப்பித்துவிட்டார்கள். இன்னும் நாலு விக்கெட். அந்த அறுபது ஓவரில் நாலு விக்கெட் விழுந்திருக்காதா?

உண்மையான காரணம் களைப்பு இல்லை, கொல்கத்தா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2001-ல் ஈடன் கார்டனில் ஆஸ்திரேலியக் கேப்டன் ஸ்டீவ் வா நமக்குப் பாலோ-ஆன் கொடுத்தார், லக்‌ஷ்மண் 281, நீங்கள் 180, நாலாவது நாள் முழுக்க ஒரு விக்கெட்கூட விழவில்லை. அன்றிலிருந்து உலகத்தில் எந்தக் கேப்டனுக்கும் பாலோ-ஆன் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. மற்றவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பேயாக வந்து பயமுறுத்தியதே நீங்கள் இரண்டு பேரும்தான், நீங்களே அந்தப் பேய்க்குப் பயந்தால் எப்படி? அந்த லக்‌ஷ்மண் ஓவலிலும் நம் பக்கம்தானே இருந்தார், எதிரணியில் இல்லையே!

பாலோ-ஆன் வாங்கிய அணி திருப்பி ஜெயித்தது இந்த 2007 வரைக்குமான டெஸ்ட் சரித்திரத்தில் மூன்றே தடவை: 1894 சிட்னி, 1981 ஹெடிங்லி, அப்புறம் கொல்கத்தா. சிட்னியில் கேப்டனுக்கு வேறு வழியே கிடையாது, அப்போது பாலோ-ஆன் கட்டாயம். தானாக முடிவெடுத்து மாட்டிக்கொண்டவர்கள் இரண்டே பேர். அந்த இரண்டுக்காக நாம் எத்தனை டிராவை விழுங்குவது? 2004 ஜனவரியில் சிட்னியிலும் இதேதான். 705 அடித்து, 231 முன்னிலை வைத்துக்கொண்டு, கங்குலி மறுபடி பேட்டிங் எடுத்தார். ஆஸ்திரேலியா 357-க்கு 6, மேட்ச் டிரா, ஜெயித்திருக்க வேண்டிய தொடர் 1-1. அன்று களத்தில் 91 நாட் அவுட்டாக நின்றது யார் என்று உங்களுக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

1-0 கையில் இருக்கும்போது எதற்கு ரிஸ்க் என்று கேட்பீர்கள். லார்ட்ஸில் கடைசி விக்கெட்டில் மழை வந்து காப்பாற்றிய தொடர் இது, உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் 118-வது டெஸ்டில் கும்ப்ளே முதல் சதம் அடித்த மேட்ச் சார் இது. பதினொரு பேரும் இரட்டை இலக்கம் தாண்டிய மேட்ச். இதில் 2-0-வுக்குப் போகாமல் வேறு எதில் போவது?

இதில் கிரிக்கெட் போர்டுக்கும் பங்கு உண்டு. புதுக் கோச் கிடைக்கவில்லை என்று 73 வயது சந்து போர்டேயை மேனேஜராக அனுப்பிவிட்டு, டெஸ்ட் முடிந்த கையோடு 21-ஆம் தேதியிலிருந்து ஏழு ஒருநாள் போட்டி வைத்திருக்கிறார்கள். ஏழு! பந்துவீச்சாளர்கள் களைக்காமல் என்ன செய்வார்கள்? அந்த ஏழு போட்டியை ஒன்பதாக்க யாருக்கும் தோன்றவில்லையே, அதுவரைக்கும் புண்ணியம்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். வருஷக் கடைசியில் பாகிஸ்தான் இங்கே வருகிறது, அதன்பின் ஆஸ்திரேலியா போகிறோம். எங்கேயாவது 200-க்கு மேல் முன்னிலையும் இரண்டு நாள் நேரமும் கிடைத்தால் தயவுசெய்து பாலோ-ஆன் கொடுங்கள். ஐந்தாவது பந்துவீச்சாளர் வேண்டுமென்றால் ஒரு பேட்ஸ்மேனைக் குறைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் திட்ட மாட்டோம். நீங்கள் கொடுத்து, எதிரணியில் யாராவது 281 அடித்துத் தோற்றாலும் நான் இன்னொரு மடல் எழுத மாட்டேன்.

அப்பாவுக்காக மட்டும் நான் உறுதி சொல்ல முடியாது.

இப்படிக்கு,
96 பந்தையும் விடாமல் பார்த்த உங்கள் ரசிகன்